டீச்சரைக் கேளுங்கள்: பெயின்ட் வாளியில் ஒரு கடல் குதிரை

நாகர்கோவிலில் 31 ஆண்டுகள் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டு மீன்தொட்டி பற்றிய வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

டீச்சர், அப்பாவின் வலையில் உயிரோடு ஒரு கடல் குதிரை வந்தது. கடல் தண்ணீர் ஊற்றிய பெயின்ட் வாளியில் விட்டிருக்கிறேன். வீட்டில் இரண்டடித் தொட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் வளர்க்க என்னென்ன வாங்க வேண்டும்?
– பிளஸ் டூ மாணவன், குளச்சல்

தம்பி, உன் கேள்வி வாட்ஸ்அப்பில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இதழ் அச்சாகி உன் கைக்கு வருவதற்குள் வாளியில் இருக்கும் சீவன் முடிந்துவிடும் என்று தெரிந்துதான் உடனே போன் செய்தேன். நீ சொன்ன முதல் வார்த்தை, “பெயர்கூட வைத்துவிட்டேன் டீச்சர்” என்பதுதான். அன்று சாயங்காலமே உன் அப்பா அதை வள்ளத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டார் என்பதால் இப்போது நிம்மதியாக எழுதுகிறேன். நீ இன்னும் என்மேல் கோபமாக இருப்பாய். இருந்துவிட்டுப் போ.

கடல் குதிரையை வீட்டில் வளர்க்கக் கூடாது. வளர்க்க முடியுமா என்பது அடுத்த பேச்சு. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் கடல் குதிரைகளைச் சேர்த்துவிட்டார்கள். புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். வலையில் தானாக வந்து சிக்குவது உன் அப்பாவின் தவறு அல்ல. ஆனால் வந்ததை அப்படியே தண்ணீரில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தால் கதை மாறிவிடும்.

உன்னைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நானும் ஒன்று வளர்த்தவள்தான். 1997-ல், அப்போது இந்தச் சட்டம் கடல் குதிரையைத் தொடவில்லை. சின்னமுட்டத்திலிருந்து படிக்க வந்த மாணவி ஒருத்தி ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். முதுகில் மூன்று கரும்புள்ளிகள். நீ அனுப்பிய படத்தில் இருந்ததும் அதே முப்புள்ளி இனம்தான். பள்ளி ஆய்வகத்தில் இருந்த தொட்டியில், கன்னியாகுமரியிலிருந்து பஸ்ஸில் இரண்டு கேன் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி விட்டேன். கண்டக்டர் இரண்டு கேனுக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

அது போன வேகத்தில் காற்றுக் குழாயைத் தேடிப் பிடித்து வாலைச் சுற்றிக்கொண்டது. ஒன்றரைச் சுற்று. கடலில் கடற்புல்லைப் பிடித்து நிற்கிற வால் அது. முதுகுத் துடுப்பு விசிறி மாதிரி நடுங்கும். ஒரு விநாடியில் முப்பது தடவைக்கு மேல் அடிக்கும் என்று பிறகு படித்தேன். அவ்வளவு அடித்தும் ஒரு சாண் தூரம் போவதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும் போலிருக்கும். ஒரு கண் என்னைப் பார்க்கும்போது மற்றொன்று தொட்டியின் மூலையைப் பார்க்கும். பச்சோந்திக்கு இருப்பது போலத் தனித்தனியாகத் திரும்பும் கண்கள்.

இறாலை நறுக்கிப் போட்டேன். தொடவே இல்லை. துண்டு அதன் மூக்கருகே மிதந்து போனது. அது கண்ணை மட்டும் திருப்பி வழியனுப்பியது. ஆய்வக உதவியாளர் வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொசுப்புழு பிடித்து வந்தார். துள்ளுகிற புழுவைக் கண்டதும் கழுத்து மெல்ல மடங்கியது, ‘டிக்’ என்று ஒரு சத்தம், புழு இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. இரண்டு புழு தின்றது. மீதிப் புழுக்கள் உப்புத் தண்ணீரில் செத்து அடியில் கிடந்தன. செத்ததை அது தின்னாது. பிறகு ஆர்ட்டீமியா முட்டை வாங்கிப் பொரிக்க வைத்தேன். உப்பளங்களில் வாழும் சின்ன இறால் இனம் அது. ஒரு நாளில் பொரிந்துவிடும். ஆனால் பொரிந்த குஞ்சு அரை மில்லிமீட்டர். வளர்ந்த கடல் குதிரைக்கு அது போதுமா? பசித்த மனிதனுக்கு ஒவ்வொரு பருக்கையாகச் சோறு போட்டது போல.

பதினோராவது நாள் காலையில் குழாயைப் பிடித்திருந்த வால் அவிழ்ந்து கிடந்தது.

காரணம் அதன் வயிற்றில் இருக்கிறது, சரியாகச் சொன்னால் வயிறு இல்லாததில் இருக்கிறது. கடல் குதிரைக்கு இரைப்பை கிடையாது, பல்லும் கிடையாது. உறிஞ்சியது நேராகக் குடலுக்குப் போய் அரைகுறையாகச் செரித்து வெளியே வந்துவிடும். சேமித்து வைக்க இடம் இல்லாததால் விழித்திருக்கும் நேரமெல்லாம் தின்றுகொண்டே இருக்க வேண்டிய பிறவி. கடலில் பிடிபட்டது உயிருள்ள, அசைகிற இரையைத்தான் இரை என்றே ஒப்புக்கொள்ளும். உன் இரண்டடித் தொட்டியில் உணவுக்கு வழி என்ன? ஒன்றும் இல்லை.

இனி ஒருமுறை வலையில் உயிரோடு வந்தால், காற்றில் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுக்காதே. தண்ணீரோடு சேர்த்து அள்ளு, நிழலில் வை, கூடிய சீக்கிரம் பிடித்த இடத்துக்குப் பக்கத்தில், பாசியோ பாறையோ உள்ள இடமாகப் பார்த்துத் தண்ணீருக்குள்ளேயே வாளியைச் சாய்த்து விடு. கரையில் அலை அடிக்கிற இடத்தில் வீசினால் மறு அலையில் மணலுக்கு வந்துவிடும். கடல் குதிரையால் நீந்தித் தப்ப முடியாது. இன்னொன்று, பெயின்ட் வாளி வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் அது பெயின்ட் வாளிதான்.

என் மகன் மெல்பர்னில் வேலை பார்க்கிறான். அங்கே கடையில் பில் போட்டு ஒரு ஜோடி கடல் குதிரை வாங்கப் போகிறானாம். தொட்டி வைப்பது பற்றி உங்களிடம் கேட்கச் சொன்னான். சவேரியார் திருவிழாவுக்கு ஊருக்கு வரும்போது எனக்கும் ஒரு ஜோடி கொண்டுவரவா என்று வேறு கேட்கிறான்.
– இல்லத்தரசி, கோட்டாறு

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: கொண்டுவர வேண்டாம் அம்மா. கடல் குதிரை இனங்கள் முழுவதும் சைட்டீஸ் என்னும், உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. 2002-ல் முடிவெடுத்து 2004 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் எந்த நாட்டு எல்லையையும் தாண்டக் கூடாது. விமான நிலையத்தில் பையைத் திறந்தால் பிள்ளை திருவிழாவுக்கு வந்து சேர மாட்டான்.

அங்கே அவன் வாங்குவது வேறு விஷயம். ஆஸ்திரேலியாவில் பண்ணையில் பிறந்து வளர்ந்த கடல் குதிரைகள் கிடைக்கின்றன. டாஸ்மேனியாவில் பியூட்டி பாயின்ட் என்ற ஊரில் இதற்கென்றே பண்ணை இருக்கிறது. அங்கே வளர்ப்பது பானை வயிற்றுக் கடல் குதிரை. உலகத்திலேயே பெரிய இனங்களில் ஒன்று, 35 சென்டிமீட்டர் வரைகூட வளரும். பண்ணையில் பிறந்ததற்கு ஒரு பெரிய நன்மை உண்டு: உறைய வைத்த செத்த இறாலைத் தின்னக் குட்டியிலேயே பழக்கியிருப்பார்கள். கடைக்காரர் எதிரிலேயே தின்று காட்டச் சொல்லுங்கள். தின்னாததை வாங்க வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அவன் வாங்கப் போகும் தொட்டி அகலமாக இருப்பதைவிட உயரமாக இருக்க வேண்டும். ஜோடி சேரும்போது இரண்டும் வாலோடு வால் பின்னிக்கொண்டு மேல்நோக்கி எழும்பும். முட்டையைக் கைமாற்றுவது அப்போதுதான். உயரம் இல்லாத தொட்டியில் அது நடக்காது. வாலை நீட்டி அளந்தால் வரும் நீளத்தைப்போல மூன்று மடங்கு தண்ணீர் உயரம் என்பது கணக்கு. இந்தப் பெரிய இனத்துக்கு அதற்குக் குறைந்து யோசிக்கவே வேண்டாம்.

தொட்டியை நிரப்பிய அன்றே கடல் குதிரையை விடுவது கொலைக்குச் சமம். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். வெறும் தண்ணீரை ஆறு வாரம் பார்த்துக்கொண்டிருக்கப் பொறுமை இல்லாதவன் கடல் குதிரை வாங்கவே கூடாது. உங்கள் மகன் எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும்.

வெப்பநிலைதான் பலரும் கோட்டை விடுகிற இடம். பானை வயிற்று இனம் குளிர்க் கடலில் வாழ்வது. 16 முதல் 20 டிகிரி வரை வேண்டும். மெல்பர்னில் குளிர்காலம் சரி, கோடையில் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் இல்லாமல் முடியாது. தண்ணீர் சூடானால் விப்ரியோ என்ற பாக்டீரியா பெருகும். தோல் புண்ணாகும், வால் நுனி வெளுத்து அழுகும். உப்பு, லிட்டருக்கு 35 கிராம் அளவில் நிற்க வேண்டும்.

நீரோட்டம் மெதுவாக இருக்கட்டும். வடிகட்டி தண்ணீரை உறிஞ்சும் வாயில் பஞ்சு சுற்றச் சொல்லுங்கள். பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று துழாவுகிற வால் அந்த வாய்க்குள்தான் போகும். பிடித்து நிற்கப் பிளாஸ்டிக் செடியோ நைலான் கயிறோ போதும். பவளமும் கடல் சாமந்தியும் கூடாது, அவற்றின் கொட்டும் செல்கள் சுட்டுவிடும். நண்டு வைத்தால் அது கடல் குதிரையின் வாலைக் கிள்ளும். சுறுசுறுப்பான மீன்களையும் சேர்க்க வேண்டாம். கல்யாணப் பந்தியில் எல்லாரும் பாயசத்துக்கு வந்த பிறகும் அப்பளத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆள் மாதிரி இது. இரையை உற்றுப் பார்த்து முடிப்பதற்குள் மற்றவை தின்றுவிட்டுப் போய்விடும்.

சாப்பாடு, உறைந்த மைசிஸ் இறால். உருக்கி, அலசி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. ஒரே இடத்தில் சின்னக் கிண்ணம் வைத்து அதில் போட்டால் இரண்டு வாரத்தில் அவையே அங்கே வந்து நிற்கும். மிச்சத்தை அரை மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

இனி நீங்கள் அவனிடம் கேட்க வேண்டிய கேள்வி: திருவிழாவுக்கு ஊருக்கு வந்தால் மூன்று வாரம் யார் போடுவார்கள், ஒரு நாளைக்கு மூன்று வேளை?

நாகர்கோவிலில் ஒரு கடைக்காரர், ‘இது வளர்ப்புக் கடல் குதிரை, சட்டம் பொருந்தாது’ என்று ரகசியமாகத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
– தனியார் நிறுவன ஊழியர், பார்வதிபுரம்

சட்டம் பொருந்தாத பொருளை ஏன் ரகசியமாகத் தருகிறார்?

கடல் குதிரையைக் காயவைத்துப் பொடித்துத் தேனில் கொடுத்தால் குழந்தைக்குக் கக்குவான் நிற்கும் என்று மாமியார் சொல்கிறார். வீட்டில் பழையது ஒன்று இருக்கிறது. கொடுக்கலாமா?
– இளம் தாய், இராஜாக்கமங்கலம் துறை

கொடுக்காதீர்கள். மாமியாரிடம் சண்டையும் போடாதீர்கள். கடற்கரை ஊர்களில் பல தலைமுறையாக இருந்த பழக்கம் அது, என் பாட்டியும் சொல்லியிருக்கிறார். கக்குவான் இருமல் ஒரு பாக்டீரியாவால் வருகிறது. பொடிக்கு அது பயப்படாது. சின்னக் குழந்தை என்றால் மூச்சு நின்றுபோகிற அளவுக்கு ஆபத்தான நோய். இருமலுக்கு நடுவே குழந்தை நீலம் பூத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போடுகிற ஊசியிலேயே கக்குவானுக்கும் தடுப்பு இருக்கிறது. விட்டுப் போயிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆண் கடல் குதிரைதான் பிள்ளை பெறும் என்பது உண்மையா? எங்கள் வகுப்பில் பந்தயம்.
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, திங்கள்நகர்

உண்மை. பந்தயக் காசில் எனக்கும் ஒரு கடலை மிட்டாய். பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் விட்டுவிடும். கருவாக்குவது, ஆக்ஸிஜன் தருவது, பைக்குள் இருக்கிற நீரின் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிக் கடலுக்கு ஒப்பாகக் கொண்டுவருவது எல்லாம் ஆணின் வேலை. நம் கடலின் இனங்களில் இரண்டு முதல் நான்கு வாரத்தில் நாள் நெருங்கும். அப்போது உடம்பை முன்னும் பின்னும் வளைத்து வளைத்துக் குட்டிகளைப் பீய்ச்சும், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றும் அரை அங்குலம்கூட இருக்காது, ஆனால் வால், மூக்கு எல்லாம் அப்பன் ஜாடை. அதற்குப் பிறகு அப்பன் திரும்பிப் பார்ப்பதில்லை. குட்டிகளில் மிகச் சிலவே பிழைக்கும்.

கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன். உப்புத் தண்ணீரும் மணலும் காசு கொடுத்து வாங்க வேண்டுமா? கடற்கரையிலிருந்து எடுத்துக் கோமாளி மீன் வளர்க்கலாம் என்று பேரன் ஆசைப்படுகிறான்.
– ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், மணவாளக்குறிச்சி

பேரன் நல்ல மீனைத்தான் கேட்டிருக்கிறான். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையங்கள் கோமாளி மீனைத் தொட்டியிலேயே பிறக்க வைத்துக் காட்டியிருக்கின்றன. தொட்டியில் பிறந்த ஜோடி என்று கேட்டு வாங்குங்கள். 100 லிட்டர் போதும், கடல் சாமந்தி தேவையில்லை, தீனியும் தகராறு இல்லாமல் தின்னும். கடல் குதிரைக்குச் சொன்ன ஆறு வாரக் காத்திருப்பு இதற்கும் உண்டு. பேரனுக்கு ஒரு புதிர்: இரண்டு குஞ்சுமே ஆணாக வரும். பெரியது பெண்ணாக மாறிவிடும்.

மணல் மட்டும் உங்கள் ஊர் மணல் வேண்டாம் ஐயா. நாட்டிலேயே பேர்போன மணல் அது; அதற்கென்று ஆலையே வைத்திருக்கிறார்கள். கறுப்பாக மின்னுவது இல்மனைட், சிவப்பு கார்னெட், கூடவே தோரியம் உள்ள மோனசைட். காந்தத்தை வைத்துப் பாருங்கள், கறுப்பு மணல் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். தொட்டிக்கு வேண்டியது சுண்ணாம்புச் சத்துள்ள வெள்ளை மணல். அதுதான் தண்ணீரின் காரத்தன்மையைத் தாங்கிப் பிடிக்கும். கன்னியாகுமரியில் பாக்கெட் போட்டு விற்கும் அரிசி மணலையும் கொட்ட வேண்டாம். அம்மனின் கல்யாணம் நின்று போனதால் சமைக்காத அரிசி மணலாயிற்று என்று கதை சொல்லி விற்பார்கள். கதை அழகு, பூஜை அறையில் வையுங்கள். மணலே இல்லாமல் வெறும் கண்ணாடி அடியோடு வைத்தால் சுத்தம் செய்வது இன்னும் சுலபம். கடற்கரையில் கிடக்கிற பவளக் கல்லையும் அலங்காரத்துக்கு எடுக்காதீர்கள், பவளமும் அதே முதல் அட்டவணையில் இருக்கிறது.

தண்ணீர் எடுக்கலாம். ஆனால் துறைமுகத்தில் எடுத்தால் டீசல், பொழிமுகத்தில் எடுத்தால் பாதி ஆற்றுத் தண்ணீர். நமக்கு மழை இரண்டு பருவத்திலும் வருவதால் ஆறு கலங்கி வரும் நாள்களை எண்ணி ஒதுக்க வேண்டும். ஆனி, ஆடியில் கடலே கலங்கிக் கிடக்கும். தெரிந்த வள்ளக்காரர் இருந்தால் ஆழத்திலிருந்து கேனில் கொண்டுவரச் சொல்லுங்கள். மூடிய டிரம்மில் இருட்டில் சில நாள் தெளியவிட்டு, உப்பை அளந்து பிறகு ஊற்றுங்கள். தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கடல் தண்ணீரைச் சேர்க்காதீர்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கிறது. குளோரின் இல்லாத நல்ல தண்ணீரைச் சேர்க்க வேண்டும். இந்த ஒன்றை மறந்து என் முதல் தொட்டியை உப்பளமாக ஆக்கியிருக்கிறேன். மின்வெட்டுக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று அலமாரியில் இருக்கட்டும்.

மணக்குடிக் காயலில் என் தம்பி பென்சில் மாதிரி ஒரு மீன் பிடித்தான். குழல் மீன் என்கிறார்கள். கடல் குதிரை இல்லையே, இதை வளர்க்கலாம் அல்லவா?
– கல்லூரி மாணவி, தெங்கம்புதூர்

கடல் குதிரையை நீட்டி நிமிர்த்தினால் குழல் மீன். ஒரே குடும்பம், அதே மூக்கு, அங்கேயும் ஆண்தான் முட்டை சுமக்கும். 2001-ல் அட்டவணையில் சேர்த்ததும் இந்தக் குடும்பம் முழுவதையும்தான். மக்களே, தம்பியையும் வாளியையும் கூட்டிக்கொண்டு காயலுக்குப் போ. வெயில் ஏறுவதற்குள் போ.